கிணறும் ஓடையும்: ‘மினாரி’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மீட்பு வரலாறு ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வில் தொடங்குகிறது. ஆபிரகாம் தம் நாட்டையும் இனத்தையும் தந்தையின் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட செய்தியைத் தொடக்க நூலின் 12 ஆம் அதிகாரம் கூறுகிறது. அழைப்பைக் கேட்டவர் ஆபிரகாம். சாரா என்ன நினைத்தார் என்பது பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், பஞ்சம் பிழைக்க எகிப்துக்குச் சென்றவிடத்து, கணவரின் அச்சத்துக்கு விலையாகப் பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் சாராவே. அழைப்பு ஒருவருக்கு வருகிறது. வழிநடையோ வீட்டார் அனைவருக்கும் உரியதாகிறது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பள்ளத்தை நம் மறையுரைகள் பெரும்பாலும் விரைந்து தாண்டிவிடுகின்றன.

அப்பள்ளத்தின் விளிம்பில் நின்று, அவசரப்படாமல் உள்ளே நோக்கும் ஒரு கலைப்படைப்பு ‘மினாரி’ என்னும் திரைப்படம். இதனை எழுதி இயக்கியவர் கொரிய வழிவந்த அமெரிக்கரான லீ ஐசக் சுங். 2020 சனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இப்படம், அங்கு நடுவர்களின் பெரும்பரிசையும் பார்வையாளர்களின் பரிசையும் ஒருசேரப் பெற்றது. பாட்டியாக நடித்த யூன் யூ-ஜங் 2021 இல் ஆஸ்கர் விருது பெற்றார். நடிப்புக்காக அவ்விருதைப் பெற்ற முதல் கொரியர் அவரே. அமெரிக்காவில் அமெரிக்கர் ஒருவர் எடுத்த இப்படத்துக்கு, உரையாடலில் பெரும்பகுதி கொரிய மொழியில் இருந்த காரணத்தால், அதே ஆண்டு ‘கோல்டன் குளோப்’ விருது அயல்மொழிப் படத்துக்கு உரியதாக வழங்கப்பட்டது. சொந்த நாட்டிலேயே அயலாராக எண்ணப்படுதல் என்னும் படத்தின் கருப்பொருளுக்கு, அந்த விருதே எதிர்பாராத விளக்கவுரையாக அமைந்துவிட்டது.

விருதுகள் ஒருபுறம் இருக்கட்டும். இப்படத்தைப் பாராட்டியோர் பலர் அதனை உழைத்து உயர்ந்த ஒரு குடும்பத்தின் வெற்றிக் கதையாகக் கண்டனர். வேறு சிலர் நம்பிக்கைக்குக் கிடைத்த கைம்மாறாகக் கண்டனர். இவ்விரு பார்வைகளும் படத்தின் ஆழத்தைத் தவறவிடுகின்றன என்பதே நம் கருத்து.

கதையும் களமும்

1980-களின் அமெரிக்கா. கொரியாவிலிருந்து வந்து கலிபோர்னியாவில் பிழைத்துவரும் ஓர் இளம் குடும்பம், நாட்டின் மேற்குக் கரையை விட்டு ஆர்கன்சா மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் புறத்தே வந்து சேர்கிறது. தந்தை யாக்கோபு, தாய் மோனிக்கா, மகள் ஆன், இதயத்தில் குறையோடு பிறந்த சிறுவன் தாவீது. வந்து பார்த்தால், வயல்வெளியின் நடுவே சக்கரங்களின் மேல் நிற்கும் ஒரு நீண்ட பெட்டி வீடு. வாசலுக்குப் படிகள்கூட இல்லை. கணவர் கை கொடுத்துத் தூக்கிவிடத்தான் மனைவி தம் புதிய இல்லத்தினுள் நுழைய முடிகிறது. அவர் முகத்தில் படரும் ஏமாற்றத்தைச் சொற்களின் துணையின்றியே ஹான் யே-ரி என்னும் நடிகையார் உணர்த்திவிடுகிறார்.

1965 இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, பிறந்த நாட்டை அளவுகோலாகக் கொண்ட பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. அதன்பின் ஆசியக் குடும்பங்கள் பெருந்தொகையாக அங்குச் சென்றன. ஆண்டுதோறும் 30,000 கொரியர் இந்நாட்டுக்கு வருகின்றனர், அவர்கள் தம் நாட்டுக் காய்கறிகளைத் தேடமாட்டார்களா என்பது யாக்கோபின் கணக்கு. 50 ஏக்கரில் கொரியக் காய்கறிப் பண்ணை என்பது அவரது கனவு. கணக்கு பிழையானதன்று. கனவும் இழிவானதன்று. ஆனால் மனைவி எழுப்பும் ஒரே வினாவுக்கு அவரிடம் விடை இல்லை: நோயுற்ற மகனை மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கொண்டுவந்து வைத்தது எதற்காக? நாசரேத்து யோசேப்பும் ஓர் இரவில் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு சென்றவர்தாம். அவர் சென்றது குழந்தையின் உயிரைக் காக்க. இங்கோ குழந்தையின் உயிர் ஐயத்துக்குள் வைக்கப்படுகிறது. முதற் சில நாள்களிலேயே புயல் எச்சரிக்கை வருகிறது, கூரை ஒழுகுகிறது, பெற்றோர் குரல் உயர்த்திச் சண்டையிடுகின்றனர். பிள்ளைகள் இருவரும் சண்டை வேண்டாம் என்று காகித விமானங்களில் எழுதி அவர்களை நோக்கிப் பறக்கவிடுகின்றனர்.

பயன் என்னும் அளவுகோல்

பண்ணை பலன் தரும்வரை பிழைப்புக்கு வழி, கோழிக் குஞ்சு பொரிப்பகத்தில் சேவல் வேறு, பெட்டை வேறு எனப் பிரிக்கும் வேலை. ஒரு நாள் குஞ்சின் பின்புறத்தை நொடிப்பொழுதில் நோக்கி முடிவுசெய்யும் அவ்வேலைக்குத் தனித்திறன் வேண்டும். கணவர் அதில் வல்லவர்; மனைவிக்கோ கை இன்னும் பழகவில்லை. பொரிப்பகத்தின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுகிறது. அது என்ன என்று மகன் கேட்கிறான். சேவற்குஞ்சுகள் முட்டையிடா, இறைச்சிக்கும் உதவா, ஆகவே எரிக்கப்படுகின்றன என்று தந்தை விளக்குகிறார். பிறகு, நாம் பயனுள்ளவர்களாக இருக்கவேண்டும் என்னும் அறிவுரையை மகனுக்கு அளிக்கிறார்.

ஒரு நிமிடம் நீடிக்கும் இக்காட்சியைப் படத்தின் திறவுகோலாக நாம் கொள்கிறோம். இம்மனிதரைக் கண்டம் விட்டுக் கண்டமும், கரை விட்டு மலைப்பகுதியும் ஓட வைப்பது பேராசை என்று சொல்வதற்கில்லை. பயனற்றவன் எனக் கழிக்கப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சமே அவரை ஓட்டுகிறது. அந்நிலத்தை முன்னர் வைத்திருந்தவர் நொடித்துப்போய்த் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்னும் செய்தியும் போகிறபோக்கில் நம் காதில் விழுகிறது. பயனே மனிதரின் அளவுகோலானால், பயன் தீர்ந்த பின் எஞ்சுவது புகையே.

அளவுகோலைக் கண்டபின் அந்த வீட்டில் இருப்போரை எண்ணிப் பாருங்கள். ஓடக்கூடாது என்று தடுக்கப்பட்ட நோயாளிச் சிறுவன் ஒருவன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கொரியாவிலிருந்து வரவழைக்கப்படும் பாட்டி சூன்-ஜா ஒருவர். மிளகாய்ப் பொடியும் நெத்திலிக் கருவாடும் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் அவரைக் கண்டு மகள் கண்ணீர் உகுக்கிறார். பேரனுக்கோ பெரும் ஏமாற்றம். இவருக்குப் பலகாரம் செய்யத் தெரியவில்லை, சீட்டாடுகிறார், வாய் கூசாமல் வைகிறார். இவர் உண்மையான பாட்டியே அல்லர் என்பது அவன் தீர்ப்பு. தந்தையின் பாடத்தை மகன் நன்றாகவே கற்றிருக்கிறான்.

அந்தப் பாட்டிதான் ஒரு நாள் காட்டோடைக் கரையில் மினாரி விதைகளைத் தூவுகிறார். நீர்க்கரையில் களைபோல் தானே தழைக்கும் ஒருவகைக் கீரை அது. ஏழையும் உண்ணலாம், செல்வரும் உண்ணலாம். குழம்பிலும் இடலாம், நோய்க்கும் கொடுக்கலாம் என்று பேரனிடம் அதன் பெருமையைக் கூறுகிறார். ஓடைக்கரையில் பாம்பைக் கண்டு கல்லெறிய முயலும் சிறுவனைத் தடுத்து, கண்ணுக்குத் தெரிவதைவிட மறைந்திருப்பதே ஆபத்தானது என்று உணர்த்துபவரும் அவரே. விண்ணகத்தைக் கனவில் காணவேண்டும் என வேண்டிக்கொள்ளும்படி தாய் சொல்லிக்கொடுத்திருக்க, சாவை எண்ணி நடுங்கும் சிறுவனை இரவில் அணைத்துக்கொண்டு அச்சம் போக்குபவரும் அவரே. பக்தியுள்ள தாய் தர இயலாத ஆறுதலை, கோவிலில் காணிக்கைத் தட்டில் மகள் இட்ட நூறு டாலர் தாளை ஓசைப்படாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் இந்தக் கிழவி தருகிறார்! பங்குப்பணி செய்யும் நாம் அக்காட்சியைக் கண்டு முதலில் நகைத்தோம். பிறகு, கைம்பெண்ணின் காணிக்கையை ஆண்டவர் புகழ்ந்த அதே பகுதியில்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரையும் அவர் கண்டித்தார் என்பது நினைவுக்கு வந்தது.

கோவிலும் சிலுவையும்

நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம், உறவு தேடி ஒரு ஞாயிறன்று உள்ளூர் ஆலயத்துக்குச் செல்கிறது. புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்கின்றனர், புன்னகையோடு வரவேற்கின்றனர், உணவும் தருகின்றனர். அதே வேளையில் ஒரு சிறுவன் தாவீதின் முகம் ஏன் தட்டையாக இருக்கிறது எனக் கேட்கிறான். ஒரு சிறுமி ஆனின் மொழியைப் போலப் பொருளற்ற ஒலிகளை எழுப்புகிறாள். இதில் வன்மம் இல்லை என்பதை இயக்குநர் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறார். ஆனால் அறியாமையும் புண்படுத்தும். பிள்ளைகளுக்கு நட்பு கிட்டுகிறது. பெற்றோர்க்கோ உறவு வாய்க்கவில்லை. கொரியருக்கென ஓர் ஆலயம் எழுப்பலாமா என்று பொரிப்பகத் தோழியிடம் மோனிக்கா கேட்க, இச்சிற்றூருக்கு வந்துள்ள கொரியர், நகரத்துக் கொரியர் ஆலயங்களிலிருந்து தப்பி வந்தவர்களே என்னும் விடை கிடைக்கிறது. ஆலயம் உறவுக்கு இடமாவதும், உறவின் நெருக்கடியால் மூச்சு முட்டச் செய்வதும் இந்த ஒரே விடையில் அடங்கிவிடுகின்றன.

அந்த ஊரில் இக்குடும்பத்துக்கு உண்மையில் அயலாராக அமைபவர் பவுல். கொரியப் போரில் பணியாற்றிய முதியவர். ஊரார் கண்ணுக்கு அரைப்பைத்தியம். ஞாயிறுதோறும் பெரிய மரச்சிலுவையைச் சுமந்து சாலையில் நடக்கிறார். அதுவே தம் ஆலயம் என்கிறார். பேருந்தில் செல்லும் சிறுவர்கள் அவரைக் கேலி செய்கின்றனர். யாக்கோபும் அவரை நகைப்போடுதான் நோக்குகிறார். ஆயினும் வெயிலில் அவரோடு சேர்ந்து குனிந்து நிமிர்பவர் இவர் ஒருவரே. இப்பாத்திரம் எளிதில் கேலிச்சித்திரமாகியிருக்கக்கூடும். வில் பேட்டன் என்னும் நடிகர் அதற்கு இடந்தரவில்லை. அவருடைய பக்தி முறைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. பயிரிலிருந்து தீய ஆவியை ஓட்டுவதை நம் மறையறிவு ஏற்காது. எனினும், சிலுவையைச் சுவரில் மாட்டியவர்களுக்கும் தோளில் சுமப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வெற்றி நாளின் முறிவு

இப்படத்தின் ஆகச்சிறந்த நுட்பம் இதன் பிற்பகுதியில் உள்ளது. கிணறு வற்றுகிறது. பணம் கொடுத்து வாங்கும் நீர் பயிருக்குப் போகிறது. வீட்டுக் குழாய் வறண்டு நிற்கிறது. டல்லாஸ் நகர வணிகர் கடைசி நேரத்தில் கைவிரிக்கிறார். பாட்டி பக்கவாதத்தால் பேச்சும் கையும் தளர்ந்துபோகிறார். இத்தனைக்கும் நடுவில் அக்குடும்பம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது முறியும் நாள் எது? ஓக்லஹோமா நகரில் மருத்துவர் மகனின் இதயம் தேறிவருவதாகச் சொன்ன அதே நாள். கடைக்காரர் ஒருவர் காய்கறிகளை வாங்க இசைந்த அதே நாள். எல்லாம் நலமாக முடிந்த அந்த வேளையில்தான், இனித் தம்மால் இயலாது என்கிறார் மோனிக்கா. குடும்பமா பண்ணையா என்ற கேள்வி வந்தபோது கணவர் எதைத் தேர்ந்தார் என்பதை அவர் கேட்டுவிட்டார். வளம் வந்ததும் ஒன்றாயிருப்பதும், வளம் போனதும் பிரிவதும் என்றால், அந்த ஒற்றுமை எதன்மேல் நிற்கிறது என்பது அவர் வினா.

திருமண வாக்குறுதியில் இன்பத்தையும் துன்பத்தையும் சேர்த்தே சொல்கிறோம். துன்பம் மணவாழ்வைச் சோதிக்கும் என்பதை அனைவரும் அறிவர். வெற்றியும் சோதிக்கும் என்பதை இத்துணை அமைதியாகச் சொன்ன படம் வேறொன்றை நாம் கண்டதில்லை. வெற்றிக்கதை என்று இதனைப் போற்றுவோர் இந்த உரையாடலை மீண்டும் ஒருமுறை கேட்பது நல்லது.

அன்றிரவு வீடு திரும்பினால் விளைபொருள் வைத்த கொட்டகை எரிந்துகொண்டிருக்கிறது. தளர்ந்த கையோடு குப்பையை எரித்து உதவ எண்ணிய பாட்டியால் நேர்ந்த தீ அது. பயன்பட விரும்பியவரே பேரழிவுக்குக் காரணமாகிறார். யாக்கோபு பெட்டிகளைக் காக்க நெருப்பினுள் பாய்கிறார்; மோனிக்காவும் பின்தொடர்கிறார். புகையில் வழி மறைந்தபோது, கையிலிருந்ததை விட்டுவிட்டுக் கணவர் மனைவியைத் தேடுகிறார். சற்றுமுன் கேட்கப்பட்ட வினாவுக்கு விடை இதுதான். சொற்களால் அவர் வேறு விடை தரவில்லை. அதே நேரத்தில் பாட்டி எதிர்த்திசையில், இருளை நோக்கி நடக்கத் தொடங்குகிறார். பயனற்றுப்போனவர் தம்மைத் தாமே கழித்துக்கொள்ளும் நடை அது. ஓடவே கூடாது என்று தடுக்கப்பட்ட சிறுவன் முதன்முறையாக ஓடுகிறான். வழியை மறித்து, வீட்டுக்கு அழைக்கிறான். புகைபோக்கியின் கீழ்த் தந்தை கற்பித்த பாடத்தை மகன் இங்கே திருத்தி எழுதுகிறான்.

கேதரின் நிழல்

இயக்குநர் 1978 இல் பிறந்து, ஆர்கன்சாவின் லிங்கன் என்னும் சிற்றூர்ப் பகுதியில் வளர்ந்தவர். அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதரின் ‘என் ஆன்டோனியா’ (1918) என்ற புதினத்தைப் படமாக்க எண்ணியிருந்தார். கேதரோ தம் நூல்கள் திரைக்குச் செல்வதை விரும்பாதவர் என அறிந்து அம்முயற்சியை விட்டு, தம் இளமை நினைவுகளை ஏறத்தாழ எண்பது குறிப்புகளாக எழுதிப் பார்த்தார். அவற்றிலிருந்து பிறந்ததே ‘மினாரி’. கேதரும் ஒன்பது வயதில், 1883 இல், குடும்பத்தோடு வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவின் புல்வெளிக்குப் பெயர்க்கப்பட்டவர். பின் ரெட் கிளவுட் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர்.

அவருடைய புதினத்தில் பொகீமியாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று உண்டு. தாய்நாட்டை மறக்கமுடியாத தந்தை ஷிமெர்டா, முதல் குளிர்காலத்திலேயே தம் உயிரைப் போக்கிக்கொள்கிறார். கத்தோலிக்கக் கல்லறை அவரை ஏற்காது. அண்டையிலிருந்த நார்வேக்காரரின் கல்லறையும் மறுத்துவிடுகிறது. நிலத்தின் மூலையில், சாலைகள் கூடப்போகும் இடத்தில் புதைக்கின்றனர். பின்னாளில் சாலை போட்டவர்கள் அக்கல்லறையை மிதிக்காமல் வளைத்துச் செல்கின்றனர். 1983 இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தற்கொலை செய்துகொண்டோரை அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் சேர்க்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கவேண்டாம் என்கிறது. சாலை போட்டவர்களுக்கு முன்பே தெரிந்திருந்த இரக்கம் அது. கேதர் பெயர்ச்சியின் விலையை மரணத்தில் காட்டினார். சுங் அதே விலையை, மரணத்தின் ஓரம்வரை சென்று திரும்பும் ஒரு வீட்டில் காட்டுகிறார். முன்னிருந்த உழவரின் முடிவு அவ்வீட்டின் மேல் நிழலாகக் கிடக்கிறது.

குறைகள்

குறைகளும் இல்லாமல் இல்லை. முதலாவது, மகள் ஆன். தம்பியைக் காப்பதும், பெரியோரிடையே மொழிபெயர்ப்பதும், பாட்டிக்குத் துணை நிற்பதும் அவளே. ஆயினும் அவள் உள்ளத்தைத் திறந்து காட்டும் ஒரு காட்சிகூட இல்லை. இடம்பெயரும் குடும்பங்களில் மூத்த மகள் சுமக்கும் சுமையை அறிந்தவர்களுக்கு இது பெருங்குறை. இயக்குநர் தம் நினைவுகளைச் சிறுவனின் கண்வழியே கண்டதால் நேர்ந்தது எனலாம். விளக்கம் சரி, வெற்றிடம் நிரம்பவில்லை. இரண்டாவது, ஊராரின் பாகுபாடு குழந்தைகளின் அறியாமையளவிலேயே நின்றுவிடுகிறது. வளர்ந்தோரிடம் அது எவ்வடிவம் கொள்ளும் என்பதைப் படம் தொடவில்லை.

மூன்றாவது, நீரோட்டம் பார்க்கும் காட்சி. தொடக்கத்தில் கவைக்குச்சியோடு நீரோட்டம் பார்க்க வந்தவரை யாக்கோபு கூலி மிகையென மறுத்துவிட்டு, அறிவைக் கொண்டு தாமே இடம் தேர்ந்து கிணறு தோண்டுகிறார். அதுவே வற்றியது. இறுதியில் அதே ஆளை அழைத்து, அவர் காட்டிய இடத்தில் கல்லை அடையாளமாக வைக்கிறார். அறிவு தோற்றது, குச்சி வென்றது என்று இதனைப் பொருள்கொள்வார் உளர். கவைக்குச்சிக்கு அறிவியல் சான்று கிடையாது. அதனை அருளின் அடையாளமாக உயர்த்துவதையும் நாம் ஏற்க இயலாது. படமும் இங்கே சற்று மயங்கவே விடுகிறது. ஆனால் யாக்கோபு உண்மையில் விட்டுக்கொடுத்தது வேறொன்று. யார் உதவியும் வேண்டா, எவரிடமும் கேட்கமாட்டேன் என்ற தனிமையை அவர் விட்டார். இம்முறை குடும்பம் சேர்ந்து நிற்கிறது. ஊரான் ஒருவன் கூலி பெறுகிறான்.

தொடக்க நூலின் 26 ஆம் அதிகாரத்தில், தந்தை ஆபிரகாம் தோண்டி, பின்னர் பிறரால் தூர்க்கப்பட்ட கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டுகிறார். தோண்டுந்தோறும் பூசல் எழுகிறது. இடம் மாறி மாறிச் சென்று, இறுதியில் பூசலற்ற கிணறு ஒன்றைப் பெறுகிறார். ஈசாக்கு என்ற பெயர் தாங்கிய இயக்குநர், தம் தந்தையின் தூர்ந்த கிணற்றை முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்துத் தோண்டியிருக்கிறார். தந்தையைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. தாயின் கண்ணீரையும் மறைக்கவில்லை. பெற்றோரை மதித்தல் என்னும் கட்டளைக்கு இதைவிடக் கடினமான நிறைவேற்றம் எளிதில் கிடைக்காது.

குடும்பங்கள் பிழைப்புக்காக இடம்பெயர்வது ஓயப்போவதில்லை. அதனைத் தடுக்கும் உரிமையும் எவர்க்கும் இல்லை. புறப்படுமுன் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டதா, நோயுற்றவரும் முதியவரும் கணக்கில் சேர்க்கப்பட்டனரா என்பதே வினா. அன்பியக் கூட்டங்களிலும் குடும்பநலப் பணிக்குழுக்களிலும் இப்படத்தைக் காட்டி, கணவர் மனைவியர் மட்டுமன்றி, வீட்டின் மூத்த மகளையும் பாட்டியையும் பேசச் செய்வது பயனுடையதாகும்.

படத்தின் நிறைவில் தந்தையும் மகனும் ஓடைக்குச் செல்கின்றனர். பண்ணையில் பாடுபட்டு விளைத்தவை எரிந்து முடிந்தன. உழாமலும் நீர் பாய்ச்சாமலும் கரையெங்கும் மினாரி செழித்து நிற்கிறது. பாட்டி நல்ல இடம் பார்த்து விதைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே தந்தை அதனைக் கொய்கிறார்.